டேப்பில் இருக்கும் அப்பாவின் குரலை டிஜிட்டலாக்கினால் உயிர் போய்விடுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கணித ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். அவர் விட்டுப்போனவை 1970களில் வாங்கிய ஒரு ரெக்கோட் பிளேயர், நாற்பது சொச்சம் இசைத்தட்டுகள், இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கெசட்டுகள். தட்டுகள் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. கெசட்டுகளிலும் சினிமாப் பாட்டுத்தான் அதிகம், ஆனால் ஐந்தாறு கெசட்டில் அப்பாவே பதிவு செய்தவை இருக்கின்றன: தோட்டத்தில் நடந்த காமன் கூத்து (காமன், ரதி கதையை ஆடுவது), அப்பாயி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், இடையிடையே அப்பாவின் குரல். சில கெசட்டுகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. கொழும்பில் இருக்கும் அண்ணன், "டிஜிட்டல் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கட்டு மாதிரி ஆக்கிவிடும், கெசட்டை மாற்றினால் அப்பா குரலின் உயிரே போய்விடும், நல்ல அனலொக் செட் (சத்தத்தை எண்ணாக மாற்றாமல் அலையாகவே தருவது) ஒன்று வாங்கி அப்படியே போட்டுக் கேள்" என்கிறார். கண்டியில் தெரிந்த ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த, பெல்ட்டால் சுழலும் பழைய ரெக்கோட் பிளேயர் ஒன்றை 85,000 ரூபாவுக்குத் தரத் தயார். கணவர், எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினால் போதும், பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்கிறார். டவுன் கடைக்காரரோ 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் டிஜிட்டல் பிளேயர்தான் இசைத்தட்டையே தோற்கடிக்கும் என்று சொல்லி அட்வான்ஸ் கேட்கிறார். கையில் சீட்டு விழுந்த ஒன்றரை இலட்சம் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகன், கூத்தை யூடியூபில் போடலாமா என்று கேட்கிறான். கடைசியாக டீச்சரின் சொந்தச் சந்தேகம்: ஒரே பாட்டு அப்பாவின் தட்டில் கனிவாகவும் போனில் காரமாகவும் கேட்கிறது, அப்படியானால் அண்ணன் சொல்வது சரிதானே?

டீச்சர், முதலில் ஒரு அவசர விஷயம். வெள்ளைப் பொடி படிந்த கெசட்டுகளை எந்தப் பிளேயரிலும் போட வேண்டாம். அது தூசி இல்லை, பூஞ்சணம். நம்முடைய குளிருக்கும் பனிக்கும் ஈரத்துக்கும் அது டேப்பின் ஓரத்தில் பிடித்து ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு ஒட்டவைத்துவிடும். அந்த நிலையில் போட்டு ஓட்டினால் நாடா இழுபட்டு அறுந்துபோகலாம், மேற்பூச்சு உரிந்து வரலாம். அதோடு அந்தப் பொடி டெக்கின், அதாவது கெசட் ஓட்டும் கருவியின், டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கெசட்டுக்கும் தொற்றும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்த டின்னை அவர்கள் பக்கத்தில் திறக்கவே கூடாது. பொடி உள்ளவற்றை ஒரு டின்னிலும் சுத்தமானவற்றை இன்னொரு டின்னிலும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். அம்மா ஈரத்துக்குப் பயந்து டின்களை அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஈரம் ஆகாது என்று அவர் நினைத்தது மிகச் சரி, ஆனால் அடுப்புச் சூடும் புகையும் டேப்புக்குக் கெடுதல்தான். அறைக்குள் உலர்ந்த அலுமாரியில், தரையிலிருந்து உயர்ந்த தட்டில், ஸ்பீக்கருக்குத் தூரமாக வையுங்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, டேப்பில் இருப்பதும் காந்தப் பதிவுதான்.

சரி, இனி அண்ணனோடு நடக்கும் சண்டைக்கு வருவோம்.

படிக்கட்டுக் கதை

நீங்கள் கணிதம் படிப்பிப்பவர் என்பதால் எனக்கு வேலை சுலபம். ஒரு வட்டத்தின் மீது மூன்று புள்ளி கொடுத்தால் அந்த வட்டத்தை நீங்கள் முழுசாக வரைந்துவிடுவீர்கள். புள்ளிகளுக்கு இடையில் இருந்ததெல்லாம் தொலைந்துபோனதே என்று யாரும் அழுவதில்லை, ஏனென்றால் அந்த மூன்று புள்ளி வழியாகப் போகக்கூடிய வட்டம் ஒன்றே ஒன்றுதான். டிஜிட்டல் ஒலிப்பதிவும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. ஒரு சத்தத்தில் இவ்வளவு அதிர்வெண்ணுக்கு மேல் எதுவும் இல்லை என்று முதலிலேயே வடிகட்டிவிட்டால், அந்த எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான வேகத்தில் மாதிரி எடுத்தாலே, அதாவது அந்தந்தக் கணத்தில் அலையின் அளவை எண்ணாகக் குறித்தாலே போதும், அந்தப் புள்ளிகள் வழியாகப் போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நைக்விஸ்ட் என்ற பொறியியலாளர் 1928இல் இதற்கு அடி போட்டார், ஷானன் என்ற கணிதவியலாளர் 1949இல் முழு நிரூபணத்தையும் எழுதினார். 1982இல் சோனியும் பிலிப்ஸும் சீடியைக் கொண்டுவந்தபோது நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 மட்டங்கள் என்று வைத்தார்கள். மனுசக் காது கேட்பது நல்ல வயதில் 20 கிலோஹேர்ட்ஸ் வரை. 44.1இல் பாதி 22.05. கணக்கு உங்களுக்கே புரியும்.

படத்தில் காட்டுகிற அந்தப் படிக்கட்டு, கணினித் திரையில் புள்ளிகளை இணைத்து வரைகிற முறையால் வருகிறது. சீடி பிளேயரின் வெளி வயரில் அலைகாட்டியை மாட்டிப் பார்த்தால் வழுவழுப்பான அலைதான் தெரியும், படியும் இல்லை, வெட்டும் இல்லை. 16 பிட்டின் வரம்பு வேறு இடத்தில் தெரியும்: மிக மிக மெல்லிய சத்தத்துக்கு அடியில் ஒரு சின்ன இரைச்சலாக. மிகச் சத்தமான ஒலிக்கும் அந்த இரைச்சலுக்கும் இடையிலான தூரம் சுமார் 96 டெசிபல். நல்ல நிலையில் இருக்கிற எல்பி தட்டில் அது 60 முதல் 70 வரை. சாதாரணக் கெசட்டில், டொல்பி என்ற இரைச்சல் குறைக்கும் முறை இல்லாமல், 50 சொச்சம். அப்பாவின் கெசட்டில் இருக்கும் சத்தம் எவ்வளவு பெரிதோ, அதைவிடப் பெரிய பாத்திரம்தான் இந்த டிஜிட்டல். அப்பாவின் இருமல், கூத்துக்காரரின் தப்பு மேளச் சத்தம், டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல் உட்பட எல்லாமே அதற்குள் அடங்கும். ஆகவே உயிர் போகாது, டீச்சர். உயிர் போவதானால் அது பூஞ்சணத்தால்தான் போகும்.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். 2022இல் அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம், தூய அனலொக் என்று நம்பி இரசிகர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கிய தட்டுகளில் பலவற்றை, பல வருடங்களாக இடையில் ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்துத்தான் வெட்டியது என்பது வெளியே வந்தது. வழக்குக்கூடப் போட்டார்கள். அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு, அனலொக் என்றால் இதுதான் என்று எழுதியவர்களில் காது பழகிய விமர்சகர்களும் இருந்தார்கள். டிஜிட்டல் உயிரை எடுக்கிறது என்பது உண்மையானால் அதை யாராவது முதல் வாரத்திலேயே காதால் கண்டுபிடித்திருக்க வேண்டுமே.

அண்ணனுக்கு நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1990களுக்குப் பிறகு வந்த பல சீடிகளிலும் இணையப் பதிப்புகளிலும் பழைய பாட்டுகளை மறுபடி தயாரிக்கும்போது சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஏற்ற இறக்கங்களை நசுக்கிவிட்டார்கள். அந்தப் பாட்டின் பழைய தட்டு உண்மையிலேயே நன்றாக இருக்கும். அது தயாரித்தவர் செய்த வேலை, டிஜிட்டல் முறையின் குணம் கிடையாது. அதே தட்டைக் கவனமாக டிஜிட்டலில் பதிவு செய்தால் அந்த நல்ல குணம் அப்படியே வந்துவிடும். அப்புறம் இன்னொரு பக்கம்: பழைய டேப் சேதமானாலும் கரகரவென்று ஏதாவது பாடும், மெமரி கார்ட் போனால் ஒரேயடியாகப் போகும். இந்தப் பயம் அண்ணனுக்கு இருந்தால் அது சரியான பயம். அதற்கு வழியைக் கீழே சொல்கிறேன்.

ஒரே பாட்டு இரண்டு விதமாகக் கேட்பது ஏன்?

உங்கள் காது பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஒப்பிட்டது அனலொக்கையும் டிஜிட்டலையும் என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். ஒரு பக்கம் மரப்பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் உள்ள பழைய செட். மறுபக்கம் விரல் நக அளவு ஸ்பீக்கர் உள்ள போன், அதில் யாரோ எங்கிருந்தோ பிடித்து, சுருக்கி, யூடியூபில் ஏற்றிய பிரதி, யூடியூப் அதை இன்னொரு தடவை சுருக்கியிருக்கும். அந்தப் போனையே ஒரு வயர் மூலம் அப்பாவின் செட்டுக்கு மாட்டி, இரண்டின் சத்த அளவையும் சமமாக வைத்துக் கேளுங்கள், வித்தியாசம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். அளவைச் சமமாக வைப்பது முக்கியம். கொஞ்சம் சத்தமாக இருக்கிறதைத்தான் காது எப்போதும் நல்லது என்று சொல்லும். செட் விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்தக் 'கனிவு' பற்றி ஒரு சங்கடமான விஷயமும் சொல்ல வேண்டும். அப்பாவின் பிளேயரில் கடைசியாக ஊசி மாற்றியது எப்போது என்று உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து வீட்டுப் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிஜ் (ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி), அது தட்டின் மீது நாலைந்து கிராம், சிலவற்றில் அதற்கு மேலும் பாரத்தோடு உட்காரும். தேய்ந்த ஊசி உயர்ந்த சுரங்களை எடுக்காது, அதனால் சத்தம் மெத்தென்று இருக்கும். நீங்கள் கனிவு என்று இரசிப்பதில் ஒரு பங்கு இந்தத் தேய்மானமாகவே இருக்கலாம். அதைவிட மோசம், தேய்ந்த ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டின் பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகும், செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஊசி மாற்றும்வரை அந்தப் பிளேயருக்கு ஓய்வு கொடுங்கள். தட்டுகளில் பழைய 78 வேகத் தட்டு இருந்தால், கனமாக, விழுந்தால் உடையக்கூடியதாக இருக்கும், அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அது அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

இதையெல்லாம் சொல்கிற நானே, சத்தத் தரத்துக்கும் சந்தோசத்துக்கும் நேர்விகிதம் இருப்பதாக நம்புகிற ஆள் இல்லை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாடே காது வைத்துக் கேட்டது மத்திய அலையிலும் சிற்றலையிலும்தான். அதில் 4, 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது, சீடியில் வருவதன் கால்வாசிகூட இல்லை. யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கடைக்காரரின் 192 கிலோஹேர்ட்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அது நொடிக்கு 192,000 மாதிரி, ஆகவே அதில் பாதியான 96 கிலோஹேர்ட்ஸ் வரையான சத்தத்தைத் தாங்கும், வீட்டில் வௌவால் வளர்த்தால் வாங்கலாம். நாற்பது தாண்டிய நம்மில் பலருக்கு 15, 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே எதுவும் கேட்பதில்லை. மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை நேராகவும், அதையே சீடி தரத்துக்கு இறக்கியும், எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் ஏறத்தாழ அதுதான் வரும். பதிவு செய்கிற இடத்தில் 24 பிட்டுக்கு நல்ல பயன் உண்டு, கேட்கிற இடத்தில் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம்.

கண்டியில் பார்த்த பிளேயர்

இதில்தான் நீங்கள் உண்மையில் ஏமாறக்கூடும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நேராகச் செருகினால் புகைதான். ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டால் சரியாகிவிடும் என்று விற்கிறவர் சொல்லியிருப்பார், வோல்ட் விஷயத்தில் அது சரி. அதிர்வெண்ணை எந்த ட்ரான்ஸ்போமராலும், எந்த ஸ்டெபிலைசராலும் மாற்ற முடியாது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60. நமக்கு 50. பழைய பெல்ட் பிளேயர்களில் பலவற்றின் மோட்டார் கரண்டின் அதிர்வெண்ணைப் பிடித்துத்தான் சுழலும். 60க்குச் செய்த மோட்டாரை 50இல் ஓட்டினால் தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், பாட்டு மூன்று அரைச்சுரம் இறங்கி, இழுத்து இழுத்துக் கேட்கும்.

சோதிப்பது சுலபம். அப்பாவின் தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஓரத்தில் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி, பெரிய தட்டு வேகத்தில் ஓடவிட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள். 33 சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தால் சரி. 28க்குப் பக்கத்தில் நின்றால் அது 60 ஹேர்ட்ஸ் மோட்டார், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சில பிளேயர்களில் 50, 60 மாற்றும் சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் மோட்டார் தலையில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரத்தை மாற்றலாம், அதற்குரிய சக்கரம் கையில் இருந்தால் மட்டும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றுகிற, குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள நேரியக்க வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும்.

இன்னொரு செலவை அவர் சொல்லியிருக்கமாட்டார். அத்தகைய பிளேயரின் காந்தக் கார்ட்ரிஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு தட்டு வெட்டும்போதே தாழ்ந்த சுரங்களைக் குறைத்து, மேல் சுரங்களைக் கூட்டி வெட்டுவார்கள், 1954 முதல் பொதுவாகப் பின்பற்றப்படும் ஒரு அளவின்படி. அதைத் திருப்பிப் போட ஃபோனோ பிரிஅம்ப் என்று ஒரு தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் சாதாரண இணைப்பில் மாட்டினால் சத்தம் மெலிந்து, கொசு பாடுவது போல வரும். பிளேயருக்குள்ளோ உங்கள் அம்ப்பிலோ (சத்தத்தைப் பெருக்கும் அம்பிளிஃபையரிலோ) அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் உரிமையையும் சொல்லிவிடுகிறேன், நான் சட்டத்தரணி இல்லை என்ற நிபந்தனையோடு. கடையில் வாங்கினால் மாதிரி எண், வோல்ட், உத்தரவாதக் காலம் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். சொன்னபடி பொருள் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், அவசர இலக்கம் 1977. தாமதிக்காமல், எழுத்தில் முறையிடுவது நல்லது. தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய பொருளாக வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், அங்கே உங்கள் காதும் அந்தக் கடதாசித் துண்டும்தான் துணை.

கெசட்டுகளை மாற்றும் வேலை

சினிமாப் பாட்டுக் கெசட்டுகளை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டுகள் உலகத்தில் பத்து இடத்தில் இருக்கின்றன. காமன் கூத்தும் அப்பாயியின் ஒப்பாரியும் உங்கள் டின்னில் மட்டும்தான் இருக்கின்றன. அந்த ஐந்தாறு கெசட்டின் பின் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும், முதல் வேலையாக அவற்றை உடைத்துவிடுங்கள். அப்புறம் யாராவது தவறி ரெக்கோட் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் அழியாது.

பொடி இல்லாதவற்றை வீட்டிலேயே மாற்றலாம், மகன் செய்துவிடுவான். நல்ல நிலையில் உள்ள, வேகம் சீரான ஒரு டெக் வேண்டும், சொந்தக்காரர் வீட்டில் தூங்கும் பழைய செட்டாக இருந்தாலும் சரி, பெல்ட் புதிதாகப் போட்டு, ஹெட்டைத் துடைத்திருக்க வேண்டும். யூஎஸ்பி வயரோடு விற்கும் மலிவான கையடக்கக் கெசட் பிளேயர்கள் வேண்டாம், அவற்றில் வேகம் ஆடும், ஆட்டம் பதிவோடு நிரந்தரமாகிவிடும். போனை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துப் பிடிப்பதும் வேண்டாம். டெக்கின் வெளி வயரை ஒரு சிறிய யூஎஸ்பி ஓடியோ கருவி வழியாகக் கணினிக்குக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்யுங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வையுங்கள். இங்கேதான் 24 பிட்டுக்கு வேலை இருக்கிறது: உச்ச சத்தம், பதிவின் எல்லையான 0க்குக் கீழே, மைனஸ் 12 டெசிபலைத் தொடும் அளவுக்கு இறக்கிப் பதிவு செய்தாலும் ஒன்றும் இழப்பில்லை, கூத்தில் திடீரென்று தப்பு அதிர்ந்தாலும் பதிவு வெடிக்காது. நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 3 பைட், இடது வலது என்று இரண்டு தடம், பெருக்கிப் பார்த்தால் ஒரு மணி நேரக் கெசட் சுமார் 1 ஜிகாபைட். இந்தக் காலத்தில் அது ஒரு செலவே இல்லை.

பலரும் செய்யாமல் விடுகிற ஒரு காரியம் ஹெட்டின் சாய்வு. அப்பா பதிவு செய்த ரெக்கோடரின் ஹெட்டும் நீங்கள் இப்போது ஓட்டும் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருக்காது. அதனால்தான் பழைய கெசட் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல மங்கிக் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மிக மெதுவாக இப்படியும் அப்படியும் கால் சுற்றுக்குள் திருப்பி, பேச்சில் 'ச', 'ஸ' எழுத்துகள் எங்கே மிகத் தெளிவாக வருகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். கெசட்டுக்குக் கெசட் இது மாறும். இந்தக் கால் சுற்று தருகிற தெளிவை 192 கிலோஹேர்ட்ஸ் பிளேயரும் தராது, 85,000 ரூபா ரெக்கோட் பிளேயரும் தராது.

மூலப் பதிவில் இரைச்சல் நீக்கும் வித்தை எதுவும் காட்ட வேண்டாம். அதிகமாகச் சுத்தம் செய்தால் அப்பாயியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். அண்ணன் பயப்படும் 'உயிர் போகிற' காரியம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. மூலத்தை ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள், அது கோப்பைச் சுருக்கும், ஆனால் ஒரு பிட்டைக்கூட இழக்காது. சுத்தம் செய்வதையும், வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 ஆக்குவதையும் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று கொழும்பில் அண்ணனிடம், ஒன்று இணையச் சேமிப்பில். டேப்பைப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், பத்தாவது பிரதியில் கூத்தே கேட்காது. டிஜிட்டலில் நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான். பெட்டி யாருக்கு, தட்டு யாருக்கு என்று நீங்களும் அண்ணனும் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், சத்தத்துக்காகச் சண்டை போடத் தேவையில்லை. கெசட்டுகளை மாற்றிய பிறகும் எறிந்துவிடாதீர்கள்.

பொடி படிந்தவை வேறு கதை. மழை இல்லாத, வெயில் அடிக்கிற நாளில், வெளியே வைத்து, முகக்கவசம் போட்டு, கெசட்டின் வெளிக்கூட்டைத் திறந்து, டேப்பை மெதுவாகக் கையால் சுற்றி, பொடியைத் துடைத்து, புதிய கூட்டுக்குள் மாற்றி, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். அது ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்ற எண்ணத்தில் முதல் ஓட்டத்திலேயே பதிவை எடுத்துவிட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் முதல் தடவையே அப்பாயியின் குரலில் கைவைக்கக் கூடாது. இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் நேரே கொண்டுபோய்க் கொடுங்கள், தபாலிலோ பஸ்ஸிலோ அனுப்ப வேண்டாம்.

ஒன்றரை இலட்சத்தை எதில் போடுவது?

என் வரிசை இது. முதலில் கெசட் வேலை, யூஎஸ்பி கருவி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அடுத்து அப்பாவின் பிளேயருக்குப் புதிய ஊசியும் பெல்ட்டும். அந்தப் பெட்டி நம் 230 வோல்ட்டில் ஐம்பது வருடமாக ஓடியது, புதிதாக ஒன்று தேடுவதைவிட அதைத் திருத்துவதே புத்தி. ஊசி வாங்கக் கார்ட்ரிஜின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். மூன்றாவதும் பெரியதுமான செலவு ஸ்பீக்கர். சத்தத் தரத்தில் காதுக்கு உடனே தெரியும் வித்தியாசம் முக்கால்வாசி ஸ்பீக்கரிலும் அது வைத்திருக்கும் அறையிலும்தான் இருக்கிறது. பழைய நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு சோடியும், சாதாரண அம்ப் ஒன்றும் எந்த புளூடூத் உருளையையும் தோற்கடிக்கும், அதிலேயே போனையும் மாட்டலாம், பிளேயரையும் மாட்டலாம். உங்கள் வீட்டுக்காரரின் புளூடூத் யோசனை சமையல் செய்யும்போது கேட்பதற்குச் சரி, ஆனால் அந்த வழியில் எஸ்பிசி என்ற அடிப்படைச் சுருக்க முறை நொடிக்கு 328 கிலோபிட் வரைதான் அனுப்பும், சீடியில் இருப்பது 1411. இது காதில் எப்போதும் தெரிந்துவிடும் என்று சொல்லமாட்டேன், அந்த உருளையின் சின்ன ஸ்பீக்கர்தான் அதைவிடப் பெரிய குறை.

அறை பற்றி: சீமெந்துத் தரை, வெறும் சுவர், மேலே தகரக் கூரை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து தள்ளி, காது உயரத்தில் வைத்து, நடுவில் ஒரு பாயோ கம்பளியோ விரித்து, எதிர்ச் சுவரில் புத்தக அலுமாரி இருந்தால் எதிரொலி பாதி அடங்கும். பெருமழை நாளில் அந்தக் கூரைக்குக் கீழே 60 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கும், அன்றைக்கு 96 டெசிபல் சீடியும் 50 டெசிபல் கெசட்டும் ஒன்றுதான், தேத்தண்ணி குடித்துக்கொண்டு மழையைக் கேளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், டீவி அன்டெனா வயரையும் சேர்த்து. சுவிட்சை அணைத்தால் போதாது, மின்னல் சுவிட்சைத் தாண்டும்.

மகனின் கேள்விக்கு: கூத்தைப் போடலாம், ஆனால் அதில் பாடியவர்கள், ஆடியவர்கள் குடும்பங்கள் இன்னும் அந்தத் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ இருப்பார்கள், அவர்களைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். கேட்கப் போகும்போது யார் காமன், யார் ரதி, எந்த வருடம், எந்த டிவிஷன் என்பதையும் எழுதிக்கொண்டு வரட்டும், அப்பா கெசட்டின் மேல் அதை எழுதவில்லை என்று சொன்னீர்கள். ஒப்பாரியைப் பொதுவில் போடுவது பற்றி அம்மாவையும் அண்ணனையும் கேளுங்கள். பின்னணியில் எங்காவது சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைக் கோரிக்கை வரும், அந்த இடத்தை மட்டும் பிரதியில் வெட்டிவிட்டு ஏற்றலாம்.